மூன்றாம் நம்பர் நின்ற இடம்

ஜனவரி 12

இல்லை, விற்கவில்லை. பழுதும் இல்லை. நிற்கிறது, அவ்வளவுதான்.

வாலு, முதலில் நலம் கேட்டிருக்க வேண்டும். நீ போனில் கேட்டது காதிலேயே இருந்ததால் கை அதற்குத்தான் முதலில் பதில் எழுதியது. நீ நலமா? அறையில் காற்று வருகிறதா? புது வேலையில் மதியம் உட்கார்ந்து சாப்பிட விடுகிறார்களா? நானும் உன் அண்ணனும் சுகம்.

அன்று போனைச் சட்டென்று வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கிறது. "அண்ணி, மூணாம் நம்பர் ஏன் நிக்குது?" என்று நீ கேட்டது லாரி ஷெட் முழுக்கக் கேட்டது. உன் அண்ணன் பழைய டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குவதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அதனால் இனி கடிதம். இரண்டாம் நம்பர் டிரைவர் நெட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை உன் ஊருக்குச் சரக்கு கொண்டுவருகிறான். அவனிடம் கொடுத்தனுப்பு. "தபால்காரன் வேலைக்குத் தனிச் சம்பளம் உண்டா அக்கா?" என்கிறான்.

நம் மூன்று லாரிகளில் ஒன்றும் இரண்டும் ஓடுகின்றன. உன் அண்ணன் ஓட்டும் மூன்று மட்டும் கொஞ்ச நாள் ஓய்வில் இருக்கட்டும் என்றார். நானும் சரி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி

*

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைப் பழக்கத்துக்காக எழுதவில்லை, நினைத்துத்தான் எழுதுகிறேன். நெட்டை அண்ணன் சரக்கு இறக்கக் காத்திருக்கிறார். அந்த நேரத்துக்குள் இதை முடிக்க வேண்டும்.

என் வேலை இதுதான். பல கம்பெனிகளின் நானூறு லாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புப் பெட்டி. ஓடும் வண்டி என் திரையில் பச்சைப் புள்ளி, நிற்கும் வண்டி சாம்பல் புள்ளி. சாம்பலுக்குக் காரணம் கேட்டுப் பதிய வேண்டும். காரணங்கள் ஆறுதான்: ஏற்றக் காத்திருப்பு, இறக்கக் காத்திருப்பு, பழுது, சரக்கு இல்லை, ஓட்டுநர் இல்லை, மற்றவை. மற்றவை அதிகமானால் மேலாளர் வருவார். "மத்தவைன்னா என்னம்மா? உனக்குத் தெரியலன்னு அர்த்தம்."

பழகிப் பார்க்கக் கொடுத்த பெட்டியை நான் கிளம்ப ஒரு வாரம் முன்பே மூன்றாம் நம்பரில் சீட்டுக்கு அடியில் பொருத்தினேனே, அதுவும் என் திரையில் இருக்கிறது. டிசம்பர் ஆறிலிருந்து சாம்பல். என்னை இங்கே விட்டுவிட்டு அண்ணன் திரும்பிய நாள் அது.

நிற்கும் வண்டிக்குச் செலவில்லை என்று நினைக்காதீர்கள். பேட்டரி தானாக இறங்கும். டீசல் டாங்கில் காலி இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். பிரேக் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் அழுந்தி டயர் தட்டையாகும். இன்சூரன்ஸும் வரியும் வண்டி ஓடுகிறதா என்று கேட்பதில்லை. கடைசியாக, வாடிக்கைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். அது எந்த ரசீதிலும் வராது.

ஒன்று செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில், தரையைத் தொடும் இடத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு. வாரம் ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்த வேண்டும். கோடு இடம் மாறிக்கொண்டே இருந்தால் டயர் பிழைக்கும்.

அந்தப் பயணத்தை அடிக்கடி நினைக்கிறேன். பஸ்ஸில் போகமாட்டேன், என் புத்தகமும் கட்டிலும் உன் வண்டியில்தான் வரும் என்று அடம்பிடித்தேன். விடியும் நேரம். ஒரு குலுக்கலில் விழித்தால், வண்டி சோளக்காட்டு ஓரம் நிற்கிறது. அண்ணன் கீழே இறங்கி, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். "என்னண்ணா?" என்றேன். "சூரியன் வருது பாரு. அதான் நிறுத்தினேன்." எனக்குக் காட்டுவதற்காக யாரும் அதுவரை வண்டியை நிறுத்தியதில்லை.

இருவருக்கும் என் அன்பு.
வாலு

*

பிப்ரவரி 8

அன்புள்ள வாலுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் இருமல் எப்படி என்று பார்த்து வரச் சொல்லியிருந்தேன். "அவங்க எங்கக்கா இருமினாங்க, என்னை நிக்க வெச்சு விசாரணைல்ல பண்ணினாங்க" என்கிறான் நெட்டை.

உன் பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். வண்டி அதைப் படித்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்கிறது. முதலில் பேட்டரி செத்தது. பிறகு எலி. சீட்டுக்கு அடியில் குடும்பம் நடத்தி, ஒயரையெல்லாம் கடித்து, உன் கருப்புப் பெட்டியின் ஒயரையும் விடவில்லை. இனி உன் திரையில் சாம்பலும் தெரியாது.

மெக்கானிக் வந்து பேட்டரியைச் சார்ஜ் ஏற்றினார். ஒயர் மாற்றினார். வண்டியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கு. இதைப் போய் ஏன்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க?" நான் அவருக்குத் தேநீர் கொண்டுவரப் போனேன்.

சாக்பீஸ் விஷயத்தை உன் அண்ணனிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைல நானே பார்த்துக்கறேன். நீ அலைய வேணாம்" என்றார். கோடு போட்டார். மூன்று ஞாயிறு ஆயிற்று. கோடு நகர்ந்திருக்கிறது. கீழே இருந்தது பக்கவாட்டுக்கு வந்து, இப்போது மேலே இருக்கிறது.

காலையில் அவர் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஸ்டியரிங் பக்கம் அல்ல, நீ உட்கார்ந்து வந்த பக்கம். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

எறும்புகள்தான் ஷெட்டில் சுறுசுறுப்பு. பின் டயருக்கும் அதற்கு முட்டுக் கொடுத்த கல்லுக்கும் நடுவே நான்கு விரல் உயரத்துக்கு மண் குவித்திருக்கின்றன. கலைக்க மனம் வரவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.
அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமே விழைகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய லாரி வாங்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார். நம் ஷெட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். மூன்றாம் நம்பரின் படத்தைப் பார்த்து நல்ல விலை சொன்னார். மே முடியும்வரைதான் இந்த விலை. பிறகு மாதாமாதம் இறக்குவாராம்.

வண்டி அண்ணன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டு விற்பனைத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணன் கையெழுத்து ஒன்றுதான் குறை.

விற்க மனமில்லை என்றால் ஓட்டட்டும். இரண்டில் ஒன்று. நிற்க வைப்பது மட்டும் வேண்டாம். ஒன்றும் இரண்டும் சம்பாதிப்பதை மூன்று நின்றபடியே தின்கிறது. அடுத்து இரண்டு நிற்கும். பிறகு ஒன்று. இதை நான் திரையில் தினமும் பார்க்கிறேன், அண்ணி. ஒரு கம்பெனியை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பு ஒரே ஒரு புள்ளிதான் சாம்பலாகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
வாலு

*

மார்ச் 3

அண்ணி, சுகமா?

நெட்டை அண்ணன் வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

"கடிதம்?"

"அக்கா கொடுக்கல."

"எதாவது சொன்னாங்களா?"

"நீங்க நல்லா தூங்கறீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

என் தூக்கத்துக்கு என்ன? தாள் என்ன ஆயிற்று? அண்ணன் குடிக்கிறாரா? கண் தெரியவில்லையா? யாரிடமாவது மாட்டிக்கொண்டாரா? நீங்கள் எலியைப் பற்றி எழுதுகிறீர்கள், எறும்பைப் பற்றி எழுதுகிறீர்கள். அண்ணனைப் பற்றி எழுதும்போது பேப்பர் படிக்கிறார் என்கிறீர்கள்.

நான் இந்த வீட்டுப் பெண் இல்லையா? எனக்குத் தெரியக்கூடாதது என்ன இருக்கிறது?

வேறு எழுதத் தோன்றவில்லை.
வாலு

*

மார்ச் 23

குடிக்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. யாரிடமும் மாட்டிக்கொள்ளவில்லை. வரிசையாகப் பதில் சொல்லிவிட்டேன். இனி நலம் கேட்கலாமா? எப்படி இருக்கிறாய்?

தாளை அவரிடம் காட்டினேன். படித்தார். நான்காக மடித்தார். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. டிராயரில் வைத்தேன்.

உன் பட்டியலின் கடைசி வரியும் நடந்துவிட்டது. பாட்டில் கம்பெனிக்காரர் எட்டு வருட வாடிக்கை. வாசல் வரை வந்தார், உள்ளே உட்காரவில்லை. "மூணு வண்டின்னுதாம்மா உங்ககிட்ட வந்தேன். ரெண்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" உன் அண்ணன் அப்போது வண்டிக்குள்ளேதான் இருந்தார். பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. ஒன்றாம் நம்பர் டிரைவரும் வேறு இடம் தேடுவதாகக் கேள்வி. நம்மைப் பற்றி அவருக்கு நம் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

கோடு நகர்கிறது.

இந்த வீட்டுப் பெண் இல்லையா என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டுப் பெண் என்பதால்தான். அதற்குமேல் என்னை எழுத வைக்காதே.

மருந்து தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள்.
அண்ணி

*

ஏப்ரல் 14

அண்ணி,

இப்போது நலம் கேட்கக் கை வரவில்லை. கடைசியில் கேட்கிறேன்.

"இந்த வீட்டுப் பெண் என்பதால்தான்." மூன்று வாரம் இந்த வரியை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்படியானால் இது என்னைப் பற்றியது. மூன்றாம் நம்பரில் நான் சமீபத்தில் இருந்தது ஒரே ஒரு நாள்.

எலி கடிப்பதற்கு முன்பு பெட்டி அனுப்பியதெல்லாம் எங்கள் கணினியில் இருக்கிறது. ஊரார் வண்டிகளையெல்லாம் பார்க்கிறேன். நம் வண்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை. நேற்று திறந்தேன்.

டிசம்பர் 4. காலை 6.04. வேகம் 58. நேர்ச் சாலை. வண்டி சாலையை விட்டு விலகுகிறது. நான்கு விநாடி வேகம் குறையவில்லை. பிறகு நிற்கிறது. வரைபடத்தைப் பெரிதாக்கினேன். நின்ற இடத்திலிருந்து பதினோரு மீட்டரில் ஒரு சிறு பாலத்தின் சுவர். நின்றிருந்த நேரம் 48 நிமிடம்.

சூரியனுக்காக இல்லை.

அதற்கு முந்தைய நாட்களையும் பார்த்தேன். அண்ணன் இரண்டு நடை ஓட்டியிருக்கிறார், நடுவில் ஓய்வே இல்லை. நான் வேலையில் சேரும் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காக. நான் அடம்பிடித்ததற்காக.

நான் உங்களுக்குப் பட்டியல் அனுப்பினேன். பேட்டரி, டீசல், டயர்.

அந்த 48 நிமிடத்துக்குக் காரணம் பதியாமலே இருக்கிறது. திரையில் இருந்த ஆறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியும், இல்லையா?

அண்ணன் எப்படி இருக்கிறார்?
வாலு

*

ஏப்ரல் 21

அன்புள்ள வாலுக்கு,

தெரியும். நெட்டை கிளம்பும்வரை பொறுக்க முடியாமல் இதைத் தபாலில் போடுகிறேன்.

வந்த அன்றே சொன்னார். உன் ஊரிலிருந்து ஒரே பகலில் வந்துவிடுகிற பாதை. அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. சிறிது தூரம் ஓட்டுவதும், நிறுத்தி முகம் கழுவுவதுமாக வந்திருக்கிறார். சாவியை என் கையில் கொடுத்தார். "தூங்கிட்டேன். அவ பக்கத்துல இருந்தா." அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து, "அவளுக்குத் தெரிய வேணாம். சூரியன்னே இருக்கட்டும்" என்றார்.

நீ சூரியனைப் பற்றி எழுதிய கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டினேன். அந்தப் பத்தியை விட்டுவிட்டு.

நான் உனக்குப் பொய் எழுதவில்லை. கோடு நகர்ந்தது என்றுதான் எழுதினேன். வண்டி நகர்ந்தது என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, ஈரத்துணியால் கோட்டை அழித்துவிட்டுக் கால் சுற்றுத் தள்ளி வேறு கோடு போடுகிறார். வண்டியைக் கால் சுற்று நகர்த்த ஸ்டியரிங் பக்கம் உட்கார வேண்டுமே. ஒருநாள் பையை மறந்து திரும்பி வந்தேன். கையில் சாக்பீஸோடு குந்தியிருந்தார். "மங்கிடுச்சு, அதான்." "ஆமா, மங்கித்தான் போச்சு" என்றேன். எறும்பு மண் ஒரு துளி கலையவில்லை.

விற்றுவிட்டால் காலையில் எங்கே போய் உட்காருவார் என்று பயந்தேன். அதனால்தான் இரண்டாம் முறை தாளைக் காட்டவில்லை. அந்தப் பயத்துக்கு ஆன செலவு: பாட்டில் கம்பெனி, ஒன்றாம் நம்பர் டிரைவர், இன்னும் தெரியாதவை. உன் அண்ணன் நிறுத்தியது வண்டியை. கம்பெனியை நிறுத்தியது நான்.

நீ உன்னைக் குற்றவாளிபோல எழுதாதே. கட்டில் பஸ்ஸில் ஏறாது.

முடிந்தால் வா.
அண்ணி

*

மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கிருந்து சுகமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று இந்த முறை நம்புகிறேன். அன்று காலை கேட்டைத் திறந்துவிட்டீர்கள், எங்கே என்று கேட்கவில்லை. நாங்கள் திரும்பிய பிறகும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நான் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன்.

"அண்ணா, இது என் சீட்டு."

"அந்தப் பக்கம் போய் ஏறிக்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது. நீ நகரு."

நகர்ந்தார். நகர்வதற்கு வேறு இடம் இல்லை. ஸ்டியரிங்கைத் தொடாமல் மடியில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் தூங்கப் போறேன். வண்டிய எடு."

"இறங்குடி."

"பதினோரு மீட்டர்ணா. பார்த்துட்டேன்."

என் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணி சொன்னாளா?"

"உன் வண்டி சொல்லுச்சு."

பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த விற்பனைத் தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தது. "போட்டு ஒரு மாசம் ஆச்சு. கொடுத்தா யாராவது வந்து ஓட்டிட்டுப் போவான். நானே கொண்டுபோய் விடணும்னு இருந்தேன். சாவி போடப் போவேன், கை வராது."

"இப்ப வருமா?"

சாவியைப் போட்டார். பேட்டரியை முந்தின இரவே நெட்டை அண்ணன் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்.

கேட்டைத் தாண்டியதும் தட் தட் என்று வண்டியே குதித்தது. "டயரெல்லாம் பெட்டி மாதிரி ஆயிருக்கு" என்றார். "கோடு மட்டும் நல்லா சுத்துச்சுல்ல" என்றேன். சிரித்தார், அண்ணி. அப்பா சிரிப்பது போலவே.

கண்ணை மூடிக்கொண்டேன். பயமாக இருந்தது. அவருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். "நடிக்காத. நீ தூங்கினா வாய் திறந்திருக்கும்" என்றார். பாதி தூரத்தில் டயர் சூடேறி, தட் தட் நின்றுவிட்டது. சத்தம் நின்றது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வண்டி வாங்குபவரின் வாசலில் நின்றது. "வந்துட்டோம்" என்றார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம்.

திரும்பும்போது பஸ். உட்கார்ந்த உடனே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் வாயும் திறந்துதான் இருந்தது.

அந்த 48 நிமிடத்துக்கு 'மற்றவை' என்று பதிந்துவிட்டேன். மேலாளர் வரட்டும்.

அன்புடன்
வாலு

*

ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இரு. டிராயரில் தாள் இல்லை என்பது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அது ஒரு வியாதி.

இனி லோடு எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். "ஓட்ட முடியும்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும்." ஏற்றுவதையும் அனுப்புவதையும் பார்த்துக்கொள்கிறார். ஒன்றாம் நம்பர் டிரைவரிடம் தானே போய்ப் பேசினார். அவர் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பாட்டில் கம்பெனி திரும்பவில்லை. திரும்பாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை நெட்டை ஒரு நடை முடித்துவிட்டு வந்து, உடனே உன் ஊருக்குக் கிளம்ப நின்றான். உன் அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை.

"எப்பப் படுத்த?"

"வழியில ரெண்டு மணி நேரம் கண் அசந்தேண்ணே."

"உள்ள போய்ப் படு."

"சரக்குப் பார்ட்டி கத்துவாருண்ணே."

"என்கிட்ட கத்தட்டும்."

பார்ட்டி கத்தினார். என் ஸ்பீக்கரில் ஷெட் முழுக்கக் கேட்டது. உன் அண்ணன் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்தார். ஆறு மணி நேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பும். உன் திரையில் இதற்கு என்ன காரணம் போடுவாய் என்று தெரியவில்லை. இந்தக் கடிதமும் ஆறு மணி நேரம் தாமதமாகத்தான் வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.
அண்ணி

இதை மடித்த பிறகு ஞாபகம் வந்து மறுபடி பிரித்தேன். மூன்றாம் நம்பர் நின்ற இடம் அப்படியே கிடந்தது. டயர் பதிந்த தடம், எண்ணெய்க் கறை, அந்த முட்டுக்கல், பக்கத்தில் ஒரு துண்டுச் சாக்பீஸ். கல்லை ஓரமாக வைத்துவிட்டு, கறைமேல் மண் போட்டு, மற்றதைப் பெருக்கித் தள்ளினேன். நெட்டையை எழுப்பாமல், வெயிலில் நின்ற இரண்டாம் நம்பரை உன் அண்ணனையே அந்த இடத்துக்கு ஓட்டிவரச் செய்து, கேட்டைச் சாத்தினேன்.